துளையின் விட்டம்

நாள் 61 | 08:10

உள்வெப்பம் 21. அழுத்தம் சரி. காற்று வடிகட்டியை மாற்றினேன். புதிதாக வந்த பெட்டியிலிருந்து முதல் வடிகட்டி. முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, இரண்டாம் குடிலில் சந்தியாகு அண்ணாச்சியும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். அவர் பனிப்பாறையைத் துளைக்கிறார். அவர் அனுப்பும் அளவுகளை நான் பார்க்கிறேன். நிலவின் தென்முனையில் குடிலுக்கு ஓர் ஆள்தான். ஒரு குடிலிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப் போக வண்டி கிடையாது.

தொழில் குறிப்புகள் வேறு கோப்பில் உள்ளன. இது என் சொந்தக் குறிப்பு. எனக்குப் பின் இந்தக் குடிலுக்கு வருபவர் படிக்கலாம்.

நாள் 61 | 17:30

ஊதுகருவி முதன்முறையாக ஒலித்தது.

உடல், நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர்க் குழாய். மூச்சை அளக்க, கழித்துப் போட்ட விண்வெளி உடை ஒன்றின் அழுத்தமானி. உதட்டுக்கு ஒரு சிறிய சிவப்பு விளக்கும் ஒளியுணரியும். உதடு நெருங்கினால் ஒளி கூடுதலாகத் திரும்பும், சுருதி ஏறும். விரல்களுக்குச் செம்புத் தகடுகள். குழாயின் அடியில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் வில்லை, அதன் நடுவே 1.8 மில்லிமீட்டர் துளை. துளை இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து ஊதுவது போலிருக்கும். மூச்சு எங்காவது வெளியே போயாக வேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு சுரத்தை விடாமல் நீட்டிப் பார்த்தேன். 31 நொடி.

ஒலி ஹெட்போனுக்குள் மட்டும். வேறு யாருக்கும் கேட்காது. படித்த கதைகளில் தனியாக இருப்பவர்கள் சுவரில் கோடு கிழிப்பார்கள், அல்லது கடவுளோடு வாதாடுவார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை.

நாள் 74 | 13:05

ஹெட்போன் கம்பியை வானொலிப் பலகையில் தவறான இடத்தில் செருகியிருக்கிறேன். பத்து நிமிடம் இரண்டாம் குடிலில் கேட்டிருக்கிறது.

"ஏ ஆவுடை, உன் குடில்ல மாடு ஏதும் வளக்கியா?"

"என்ன அண்ணாச்சி?"

"கன்னு போடப் போற மாடு மாதிரி ஒரு சத்தம். தலைமைத் தளத்துக்குத் தகவல் சொல்லவா?"

காதுவரை சூடேறியது. மறைக்க வழியில்லாமல் சொன்னேன். அவர் ஊரில் கோயில் பேண்டில் பதினாறு வருடம் டிரம்பெட் வாசித்தவராம். இத்தனை நாள் அடுத்தடுத்து இருந்தும் நான் கேட்டதில்லை. வரைபடம் வேண்டுமென்றார். அனுப்பினேன்.

நாள் 85 | 12:40

அண்ணாச்சியின் கருவி தயார். அதே துளை, 1.8.

"உதட்ட விளக்குல காட்டணுமோ? பல்டாக்டருக்கு முன்னால வாயப் பொளந்துக்கிட்டு நிக்க மாதிரி இருக்கு தாயி."

திட்டிவிட்டு 38 நொடி நீட்டினார். என்னைவிட நன்றாக வாசிக்கிறார். இப்போதெல்லாம் சாப்பாட்டுக்குப் பின் வானொலியைத் திறந்தே வைக்கிறேன்.

நாள் 96 | 18:00

நீண்ட சுரம் 21 நொடிக்கு இறங்கிவிட்டது. காற்றும் எச்சில் ஈரமும் துளையை அரித்து அகலமாக்கியிருக்க வேண்டும். புதிய வில்லை, துளை 1.5. மீண்டும் 30 நொடி. உதட்டு விளக்கும் மங்கியிருக்கிறது, மின்னோட்டத்தைக் கூட்டினேன். கையால் செய்த பொருளில் பழுது வருவது இயல்பு.

நாள் 103 | 12:55

"தாயி, எனக்கு மூச்சு நிக்க மாட்டேங்கு. முன்ன மாதிரி இல்ல."

"மூச்சு இல்ல அண்ணாச்சி, துளை. தேஞ்சு பெருசாயிட்டு. 1.5 போட்டுப் பாருங்க."

கால் மணி நேரம் கழித்து:

"ஏ, சரியாயிட்டு! நான் கெழடாயிட்டேன்லா நெனச்சேன்."

"அதுவும்தான்."

"வாய் நீளுது உனக்கு."

ஒருவரின் கவலையை ஓர் அளவால் தீர்த்துவைத்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நாள் 131 | 18:10

வில்லை மாற்றம். எனக்கு 1.2. அண்ணாச்சிக்கும் 1.2. விளக்குக்கு மின்னோட்டம் இன்னும் கொஞ்சம். வறட்டு இருமல், காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டினேன்.

நாள் 158 | 18:00

எனக்கு 1.0, 30 நொடி. அண்ணாச்சிக்கு 0.8, 35 நொடி. இருவருமே திருப்தி.

நாள் 163 | 10:20

வில்லைகள் தேய்வதால் உலோகத்தில் ஒன்று செய்யலாம் என்று நினைத்தேன். எந்தப் பக்கம் எவ்வளவு அரித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பழைய முதல் வில்லையைப் பாறை பார்க்கும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

துளை 1.8. விளிம்பு கூர்மையாக இருக்கிறது. துளைத்த அன்று இருந்தபடியே.

1.5 வில்லை, 1.5. அடுத்தது, 1.2.

எதுவும் தேயவில்லை.

நாள் 163 | 10:50

கணக்கு. 1.8 துளையோடு ஒப்பிட்டால் 1.0 துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் வழியே அதே 30 நொடி ஊதுகிறேன் என்றால் என் மூச்சும் மூன்றில் ஒன்று. அண்ணாச்சிக்கு ஐந்தில் ஒன்று.

கேமராவில் என் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம். நீல உதடு சிவப்பு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பும். விளக்கு மங்கவே இல்லை.

புதிய பெட்டியிலிருந்து போட்டுக் கழற்றிய வடிகட்டி ஒன்றைப் பிளந்தேன். உள்மடிப்பு ஓரத்தில் ஒட்டவில்லை. நிலவின் தூசு, கண்ணாடித் தூள் போன்றது, நூறு நாட்களாக எங்கள் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இங்கே உடல் எடை ஆறில் ஒன்று. மூச்சிரைக்கும் வேலையே இல்லை. தெரிந்திருக்க வேறு வழியில்லை. கருவி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்தினேன்.

நாள் 163 | 11:15

"அண்ணாச்சி. துளை இல்ல. மூச்சுதான்."

வடிகட்டியைப் பற்றிச் சொன்னேன். வில்லைகளைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ அன்னைக்கு நான் சொன்னது சரி."

"சரிதான் அண்ணாச்சி. நான்தான்..."

"இரு. என் வீட்டுக்காரி இதக் கேக்கணும். நான் சொன்னது சரின்னு ஒரு மனுசி சொல்லிட்டா."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நிற்க நேரமாயிற்று.

நாள் 163 | 14:00

தலைமைத் தளத்தின் மருத்துவர் வாஹிதா. மூவரும் ஒரே அலைவரிசையில்.

"அந்தக் கருவிக்கு ஏதாவது சான்று இருக்கா?"

"நானே செஞ்சது, டாக்டர்."

"பழைய அளவையெல்லாம் என்னால நம்ப முடியாது. ரெண்டு பேரும் ஒரே அளவு துளை வச்சு, இப்ப நான் கேக்க ஊதுங்க. மீட்புக் கலத்துல ஒரு படுக்கைதான். ஒரு குடில்லதான் இறங்க முடியும். எரிபொருள் நிரப்பித் திரும்பி வர பன்னிரண்டு நாள் ஆகும். யாருக்கு மூச்சு குறைவோ அவங்க முதல்ல. சுத்தமான காற்றுக்கு உடை சிலிண்டரைப் பயன்படுத்துங்க."

உடை சிலிண்டர் நான்கு நாளுக்கு வரும். டாக்டருக்கும் அது தெரியும்.

1.2 துளை. நான்: 19 நொடி. சந்தியாகு: 27 நொடி.

"ஆவுடையம்மாள் முதல்ல. நாளைக்குப் பிற்பகல் மூணு மணிக்குள்ள இறங்குற இடத்தை உறுதி பண்ணிடுவோம். அதுக்கப்புறம் மாத்த முடியாது."

"கோயில் பேண்டு நெஞ்சு, டாக்டரம்மா," என்றார் அண்ணாச்சி.

27 என்று கேட்டதும் நான் கணக்குப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுபவள்.

நாள் 164 | 09:10

இப்போது போட்டேன். 0.8 துளையில் 35 நொடி நிற்கும் மூச்சு, 1.2 துளையில் பதினாறைத் தாண்டாது.

அவர் அனுப்பும் மற்ற அளவுகளோடு, நேற்று ஊதியதற்கான அழுத்தப் பதிவும் என்னிடம் வந்திருக்கிறது. திறந்தேன். நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் நான்கு நொடிக்கு ஒரு சிறு பள்ளம். ஆறு பள்ளங்கள். டிரம்பெட் போன்ற பித்தளைக் கருவி வாசிப்பவர்களில் சிலருக்கு ஒரு வித்தை தெரியும்: கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும் அந்த நொடியில் மூக்கால் புது மூச்சை இழுத்துக்கொள்வார்கள். கேட்பவருக்கு ஒரே மூச்சு. அழுத்தமானியை ஏமாற்ற முடியாது.

அவர் ஆறு முறை மூச்சு இழுத்திருக்கிறார்.

நாள் 164 | 10:30

டாக்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வரி போதும்.

நாள் 164 | 12:15

வெறும் பெருமைக்காகச் செய்திருக்கலாம். பேண்டுக்காரர். அல்லது தெரிந்தே விட்டுக்கொடுத்திருக்கலாம். விட்டுக்கொடுத்ததைத் திருப்பித் தருவது அவமதிப்பு. அவருக்கு ஐம்பத்து மூன்று, எனக்கு இருபத்தேழு. பிழையை முதலில் கண்டுபிடித்தவள் நான். நான் போய்ச் சொன்னால்தான் மற்ற குடில்களின் வடிகட்டிகள் மாறும். நிறையப் படித்தவளுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

அவற்றில் ஒன்றுகூட அவருடைய நுரையீரலைப் பற்றியதாக இல்லை.

நாள் 164 | 13:40

"ஏ தாயி, என்ன, பேச்சே இல்ல?"

"பெட்டி கட்டுதேன் அண்ணாச்சி."

"கட்டு, கட்டு."

நான் பெட்டி எதுவும் கட்டவில்லை. பதிவு திரையில் திறந்திருந்தது.

நாள் 164 | 14:58

விரல் விசையின் மேல் இருக்கிறது.

நாள் 164 | 15:20

அனுப்பினேன்.

"இப்ப வந்து சொல்றீங்களே. கலம் கிளம்பிடுச்சு. இடத்தை இனிமே மாத்த முடியாது. எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"இப்பத்தான், டாக்டர்."

"சரி. உங்க தப்பு இல்ல. அவர் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

நாள் 165 | 07:35

கலம் இறங்கிவிட்டது. வெளிக்கதவில் விளக்கு எரிகிறது. கடைசி அழைப்பு.

"பன்னெண்டு நாள்தானே. தவக்காலமே நாப்பது நாளு இருப்போம்."

இந்த இரண்டு வாக்கியத்துக்குள் ஐந்து முறை மூச்சு இழுத்தார்.

"அண்ணாச்சி, நான் அந்தப் பதிவப் பாத்தேன்."

"டாக்டரம்மா சொன்னா. நீ லேட்டாத்தான் பாத்தியாம். விடு. போய் ஏறு."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "ஏறிட்டேன்" என்றேன். அப்போது ஏறியிருக்கவில்லை.

நாள் 165 | 07:50

இந்தக் குறிப்பை எடுத்துப் போகவில்லை. மேசைமேல் விட்டுப் போகிறேன். வடிகட்டிகளை மாற்ற ஆட்கள் வருவார்கள். பன்னிரண்டு நாளோ இருபதோ, யாராவது இதைத் திறப்பீர்கள். அதற்குள் இரண்டாம் குடிலுக்கும் போய் வந்திருப்பீர்கள்.

அங்கே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது தெரியாது.

விசாரணையில் 15:20 என்று சொல்வேன். அவருடைய வீட்டுக்காரியிடமும் 15:20 என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லும்போது குரல் நடுங்காது என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

நான் பார்த்தது 09:10.

கதவைத் தட்டுகிறார்கள்.