முப்பத்தோராம் திகதிக்கு உரிமைக்காரர் இல்லை

உ
நயினை அம்மன் துணை

நெடுந்தீவு,
16.11.1986

அன்புள்ள மகள் சறோவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். மாரி தொடங்கியதிலிருந்து ஐயாவின் முழங்கால் வழமைபோல முறைப்பாடு சொல்கிறது, மற்றப்படி அவரும் சுகம். உன் தங்கச்சி கமலாவும் சுகம். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், கீழே வாசிக்கும்போது நீ பயப்படக்கூடாது. தந்தி கொடுக்கவில்லையென்று கோபிக்காதே, இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி என்றால் பிரிக்க முதலே அழத் தொடங்கிவிடுவீர்கள். லண்டனில் பங்குத் தரகர் கந்தோரில் வேலை கிடைத்ததென்று எழுதியிருந்தாய், சந்தோசம். பங்கு என்றால் என்ன, பங்குச் சந்தை என்றால் என்னவென்று அம்மாவுக்கு விளங்கட்டுமென இரண்டு பக்கம் விளக்கமும் எழுதியிருந்தாய். இவ்வளவு காலம் படிப்பித்தவளுக்குப் பிள்ளை படிப்பிப்பதும் ஒரு சுகம்தான். ஆனால் மகள், எங்கள் தீவிலும் ஒரு பங்குச் சந்தை இருந்தது. நீ போன பிறகு தொடங்கி, போன கிழமை முடிந்துபோனது. அதன் சரித்திரத்தைச் சொன்னால்தான் கமலாவின் சங்கதியும் உனக்கு விளங்கும்.

எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்து தெற்கிலிருந்து வந்த சிவகுரு அண்ணையை உனக்குத் தெரியும். வியாபாரம் செய்த மனிசனுக்குச் சும்மா இருக்க ஏலாது. அக்கரையில் குறிகாட்டுவான் துறைக்குப் போய்வர ஒரு மோட்டர் வள்ளம் வாங்குவோம், முப்பது பங்கு, லாபத்தைப் பிரிப்போம் என்று கூட்டம் வைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு தம்பிராசா எழும்பி, "எல்லாம் சரி, என்ர நாள் எது?" என்று கேட்டார். அவரிலும் பிழையில்லை. எங்கள் ஊரில் பங்கு என்றால் கிணற்றுப் பங்குதான், பங்கு இருந்தால் முறை இருக்கும், இன்றைக்கு நீங்கள் இறைத்தால் நாளைக்கு நான். நான் எழும்பி, இது கிணறு மாதிரியல்ல, நாலு பேர் சேர்ந்து வாங்கிய பசு மாதிரி, காலையும் வாலையும் பிரிக்க ஏலாது, பாலைத்தான் பிரிக்கலாம் என்று உதாரணம் சொன்னேன். சாணி ஆருக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் அத்துடன் கிணற்றுக்கே திரும்பிவிட்டது. முப்பது பங்கு, முப்பது நாள். உன் திகதியில் வள்ளம் உன்னுடையது, டீசலும் உன்னுடையது, வருகிற கூலியும் உன்னுடையது. சீட்டுக் குலுக்கி நாள் பிரித்தார்கள்.

பிறகுதான் சந்தை. பென்சன் எடுக்கப் போகிற நாளுக்கு ஆட்கள் நிறைய, சோழகக் காற்று அடிக்கிற நாளுக்கு ஒருவருமில்லை. எனவே ஞாயிறு தோறும் துறைக் கொட்டிலில் நாட்களை விற்கவும் வாங்கவும் தொடங்கினார்கள். சிவகுரு அண்ணை ஒரு சைக்கிள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடித்துத் தொடங்கி அடித்து முடிப்பார். நயினாதீவுத் திருவிழா நாட்கள் ஏறின ஏற்றத்தைச் சொல்ல முடியாது. பெப்ரவரியில் இருபத்தொன்பதும் முப்பதும் இல்லையென்று அந்த இரண்டு நாட்காரரும் நட்டஈடு கேட்டு வந்தார்கள். ஒருமுறை தம்பிராசா, சந்திரனைச் சுற்றி வட்டம் கண்டேன், புயல் வருகுது என்று கதைகட்டி, விலை விழுந்ததும் முதலாம் திகதியை மலிவாக வாங்கிவிட்டார். புயல் வரவில்லை. உன் கந்தோரிலும் இப்படி வட்டம் காண்கிறவர்கள் இருப்பார்கள், கவனமாயிரு.

இந்தக் கெட்டித்தனத்திலெல்லாம் ஒரு ஓட்டை இருந்தது. முப்பத்தோராம் திகதிக்கு உரிமைக்காரர் இல்லை. உரிமைக்காரர் இல்லாவிட்டால் டீசல் ஊற்ற ஆளில்லை, அன்றைக்கு வள்ளம் கட்டியபடியே கிடக்கும். அதைப் பற்றி நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை, போன மாதம் வரை.

கமலாவின் பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. கால் வீங்கி, தலையிடியும் இருந்தபடியால், முதலாம் திகதி வள்ளத்தில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆயத்தமாக இருந்தோம். முப்பத்தொன்று விடிய அவளுக்கு நோ கண்டுவிட்டது. எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க ஏலாது, உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். மருமகன் செல்வரத்தினம் வவுனியாவில். நானும் ஐயாவும் அவளை மாட்டு வண்டிலில் வைத்துத் துறைக்கு வந்தோம். வள்ளம் நின்றது. தாங்கியில் டீசலும் இருந்தது, தம்பிராசா அடுத்த நாளுக்கென்று ஊற்றியது. அவரிடம் கேட்டேன். "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை ரீச்சர். ஆனா ஆரின்ர நாளெண்டு ஓடுறது? நாளைக்கு ஆரும் கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். சிவகுரு அண்ணை நல்ல மனதோடுதான் ஒரு வழி கண்டுபிடித்தார். முப்பத்தோராம் திகதியை இப்போதே விற்போம், வாங்கினவர் அனுமதி கொடுப்பார், எல்லாம் முறைப்படி இருக்கும் என்று மணியை அடித்தார். வருடத்தில் ஏழு முப்பத்தொன்று வரும் என்று யாரோ கணக்குச் சொன்னதும் ஐம்பதில் தொடங்கிய விலை நூறு, நூற்றைம்பது என்று ஏறியது. தன் டீசல் உள்ளே கிடக்கிற வள்ளத்தை மற்றவன் கொண்டுபோவதா என்று தம்பிராசாவும் இறங்கினார். கமலா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவளுக்கு நோ கூடிவிட்டதென்று. நான் படிப்பித்த பிள்ளைகள்தான் அதில் பாதிப்பேர்.

வள்ளமோட்டி பத்திநாதர் பக்கத்தில் வந்து நின்றார். "உவையள் விலை பேசி முடிக்கட்டும் ரீச்சர். வயித்துக்குள்ள இருக்கிறதுக்குத் திகதி தெரியாது. ஏறுங்கோ" என்றார். ஏறினோம். இயந்திரச் சத்தத்துக்கும் அவர்கள் திரும்பவில்லை, அப்போது நானூறு ஓடிக்கொண்டிருந்தது. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்தபோது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. தம்பிராசா நானூற்றைம்பதுக்கு வாங்கிவிட்டார், நாங்கள் கடலில்.

குறிகாட்டுவானில் ஒரு வாடகை வானைப் பிடித்து, வேலணைப் பெரியம்மாவையும் வழியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள் என்று டொக்டர் கேட்டதற்கு நானூறு என்று சொன்னேன், அவர் என்னையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தார். அன்று பின்னேரம் ஒபரேசன் செய்து பெண்பிள்ளை பிறந்தது. உன் நெற்றி. தாயும் பிள்ளையும் இப்போது வேலணையில்.

அடுத்த ஞாயிறு தம்பிராசா பத்திநாதரிடம் தன் நாளின் கூலியைக் கேட்டிருக்கிறார். "நான் வெளிக்கிடேக்க அது உங்கட நாளில்லை அண்ணை" என்றாராம் பத்திநாதர். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. உரிமைக்காரர் இல்லாமலே வள்ளம் ஓடும் என்று கண்ட பிறகு நாளுக்கு யார் விலை கொடுப்பார்? போன ஞாயிறு சிவகுரு அண்ணை தனியே மணியோடு இருந்தார். முடிவில் எல்லாரும் கூடி, நாள் வேண்டாம், லாபத்தைப் பிரிப்போம் என்று, அவர் முதல் கூட்டத்தில் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். தம்பிராசா மட்டும் தன் முப்பத்தொன்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டேனென்று நிற்கிறார். விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறேன் என்கிறார். ஆனால் அந்தத் திகதியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தக்காரரிடம் கூலி வாங்க வேண்டாமென்று பத்திநாதரிடம் சொன்னதையும், கமலா வரும் நாளுக்கென்று இரண்டு கான் டீசலை இப்போதே வீட்டில் வாங்கி வைத்திருப்பதையும் அவருடைய மனிசி எனக்குச் சொல்லிவிட்டாள். நான் தெரிந்ததாகக் காட்டவில்லை. கமலா எந்த நாளும் வரலாம், ஆனால் டிசம்பர் முப்பத்தொன்றில்தான் வருவேன் என்கிறாள்.

குளிருக்குக் காலுறை போடாமல் திரியாதே, சாப்பாட்டைப் பிந்தவிடாதே. பிள்ளைக்குப் பெயர் நீதான் வைக்கவேண்டுமென்று கமலா சொல்கிறாள், உடனே எழுது. அந்த முப்பத்தொன்றுக்கு உங்கள் சந்தையில் என்ன விலை போகுமென்றும் கேட்டு எழுது, தம்பிராசாவுக்குச் சொல்லமாட்டேன். அம்மன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருப்பாள்.

என்றும் உன் நன்மையை வேண்டும் அம்மா,
அன்னபூரணம்