திறக்காத குக்கர்

14 செப்டம்பர் 1999, செவ்வாய்

நிலக்கரியின் சூட்டில் இரும்பு உருகியது. இரும்பிலிருந்து நீராவி இயந்திரம். இயந்திரம் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்தது, மேலும் நிலக்கரி. வட்டம். இது எங்கே தொடங்கியது? நான் எங்கே தொடங்குவது?

அடுத்த வாரம் வெள்ளி, நான் எடுக்கப்போகும் முதல் வகுப்பு. ஆலைகள் எப்படி வந்தன என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஜனவரி முதல் உதவித்தொகை இல்லை. பிறகு படிப்பு இல்லை, விசா இல்லை.

வள்ளி அக்கா போனில்: "ஹிஸ்டரி படிக்கவாடி ப்ளேன் ஏறி அமெரிக்கா வந்த? கம்ப்யூட்டர்க்கு மாறிடு கயல். மாமா அப்ளிகேஷன் ஃபில் பண்ணித் தர்றேங்கறார்."

16 செப்டம்பர்

ஒரு வரி எழுதவில்லை. அக்கா சொல்வதுதான் சரியோ?

18 செப்டம்பர், சனி. மான்மவுத் ஜங்ஷன், அக்கா வீடு

ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுபோகும் தமிழ்ச் சங்கத்து பாட்லக் விருந்துக்கு நேரமாகிவிட்டதென்று, அக்கா குக்கரை வெயிட்டோடு குழாயடியில் காட்டிவிட்டாள். மூடி திறக்கவில்லை. இளமாறன் மாமா முழங்காலில் இடுக்கி இழுத்தார்.

"டூல் பாக்ஸ் எங்க?"

"சுத்தியலா? ஊர்லருந்து மடியில வெச்சுக் கொண்டாந்ததுங்க!"

நான் வெயிட்டைத் தூக்கினேன். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. மூடி கையோடு வந்து, மாமா சட்டையில் பருப்பு.

அக்கா சிரித்தாள். "பரவால்ல, ஹிஸ்டரி படிச்சா குக்கர் திறக்கலாம்!"

காரில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். உள்ளே ஆவி குளிர்ந்து நீராகிவிட்டது. வெற்றிடம். மூடியை அழுத்தியது வெளிக்காற்று. முதல் இயந்திரங்களும் இப்படித்தான்: ஆவியைக் குளிர்விப்பார்கள், காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி சூடு, மறுபடி குளிர் — நிலக்கரியை விழுங்கித் தீர்க்கும். அத்தனை தீனி எங்கே கிடைக்கும்? சுரங்க வாசலில், விலைபோகாத தூள்கரிக் குவியலில். அப்படியானால் வட்டம் தொடங்கியது தண்ணீர் நிறைந்த அந்தக் குழியில். இயந்திரத்தைத் திருத்தி அதன் தீனியைக் குறைத்த பிறகே அது அங்கிருந்து கிளம்பி நெசவாலைக்குப் போனது.

இதுதானா? இவ்வளவுதானா? நம்பப் பயமாக இருக்கிறது.

24 செப்டம்பர், வெள்ளி

அக்காவிடம் கேட்டு வாங்கிய குக்கரை வகுப்புக்கு எடுத்துப் போனேன். மின் அடுப்பு, பிறகு ஐஸ் தண்ணீர். கால்பந்து ஆடும் பையன் ஒருவன் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. சிரிப்பு. பேராசிரியரே எழுந்து வந்து இழுத்தார். பிறகு கேட்டார்: நிலக்கரி வேறு நாடுகளிலும் இருந்ததே, ஏன் இங்கிலாந்தில் மட்டும்?

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

3 அக்டோபர், ஞாயிறு

அக்கா போன். "குக்கரை எப்ப தருவ? சட்டில பருப்பு வேகவே மாட்டேங்குது."

"இப்ப முடியாதுக்கா. ஜனவரில ஸ்பிரிங் செமஸ்டர்லயும் க்ளாஸுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கார் ப்ரொஃபசர்."



"சரி. கேஸ்கட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. இங்க கிடைக்காது."