கத்தி மெஷின் அக்காவுக்கு

அக்கா, இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். இன்று காலை பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். நம் பழைய கார்மெண்ட்ஸ் வாசலில் கன்னடத்தில் ஒரு காகிதம்: துணி வெட்டும் கட்டிங் வேலைக்கு ஆள் தேவை, ஆண், பெண் இருவரும் வரலாம். ஏழாவதோடு நின்றவன் என்றாலும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

நம் காலத்தில் கத்தி மெஷின் ஆணுக்கு, தையல் மெஷின் பெண்ணுக்கு. பன்னிரண்டு வருஷம் குனிந்து தைத்ததில் உங்கள் முதுகு போய்விட்டது. இனி உட்கார்ந்து தைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிங்கில் நின்றபடி வேலை. அது கிடைத்தால் பிழைப்பு, இல்லையென்றால் வீடு. கட்டிங்கில் இருந்த நான் மதியச் சாப்பாட்டு வேளையில் கழிவுத் துணியை அடுக்கி உங்களுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் நாளே நீங்கள் என் கோணலைத் திருத்தினீர்கள் என்பது வேறு விஷயம்.

மேனேஜருக்கு ஒரே சாக்கு: கத்தி விரலில் படாமல் மாட்டும் இரும்புக் கையுறை ஆண்கள் அளவில்தான் இருக்கிறதாம். நீங்கள் பனியன் துணியில் உள்ளுறை தைத்து, அவரிடம் போகும் முன் அதன்மேல் இரும்பை மாட்டி எனக்குக் காட்டினீர்கள்.

“பாருப்பா தம்பி, மாப்பிள்ளை மோதிரம் மாதிரி உக்காந்துடுச்சு.”

அதைப் பார்த்தும் மேனேஜர் மசியவில்லை. விரல் போனால் யார் பதில் சொல்வது என்றார். அப்போதுதான் நான் சிங்கம் போல உள்ளே நுழைந்து மேஜையைத் தட்டினேன்.

“விரல் ஆம்பளைக்கும் பத்துதான் சார். பொம்பளைன்னு வேலை தராம இருக்கறது இந்த தேசத்துச் சட்டப்படியே தப்பு. தர முடியாதுன்னா, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

மனிதர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். திங்கட்கிழமை நீங்கள் கட்டிங்கில். அன்று மாடி முழுக்கக் கேசரிபாத். ஐந்நூறு பேர் சாப்பிட்டோம், சரி, ஐம்பது பேர்.

‘எழுதிக் குடுங்க’ என்ற அந்தச் சொல்லை நான் விடவேயில்லை. போன வருஷம் மருமகள் உண்டாகியிருந்தபோது, அவள் ஆபீசில் ராஜினாமா செய்யச் சொன்னார்கள். இதைத்தான் சொல்லி அனுப்பினேன். பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள். இப்போது பேத்திக்கு நாலு பல், மருமகளுக்கு ஆபீசில் அதே நாற்காலி.

அக்கம்பக்கம் முழுக்க என்னை வக்கீல் மாமா என்கிறார்கள். இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். அன்று நான் மேஜையைத் தட்டவில்லை. உள்ளேயே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனையும் சொன்னது நீங்கள்தான் அக்கா.