வோமர் என்றால் கொழு

இன்று காலை சைனஸ் தொல்லையென்று வந்த ஒரு அம்மாவுக்கு சிடி ஸ்கேன் எடுத்தேன். திரையில், மூக்கின் நடுவே அந்த மெல்லிய வெள்ளைக் கோடு. வோமர். உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாம் உன்னால்தான்.

ரேடியோகிராபி டிப்ளமோ முதல் வருடத்தில் நாம் ஒரே பெஞ்ச். முக எலும்புகளின் பெயர்களை நான் கடமைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தேன். 'வாமிட்' போல ஒலித்த வோமர் மறந்துவிடக் கூடாதென்று நோட்டின் ஓரத்தில் 'வாந்தி எலும்பு' என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உனக்கு எந்தச் சொல்லானாலும் வேர் வரை தோண்டியாக வேண்டும். மறுநாள் வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கத்தினாய்.

"ஏய், வாந்தியும் இல்ல, ஒண்ணும் இல்லடி! லத்தீன்ல வோமர்னா கொழு. ஏர் நுனியில மண்ணக் கீறிக்கினு போகுமே இரும்பு, அது! பார்க்க அதே மாதிரி இருக்குதுன்னு எலும்புக்கும் அந்தப் பேரையே வச்சிட்டானுங்க."

பட்டுத் தறிக்காரர் மகளான எனக்குக் கொழுவைக் கண்ணால் பார்த்த பழக்கமில்லை. படம் வரைந்து காட்டினாய். பிறகு சொன்னாய்: "எங்கப்பா ஓட்டுன ஏரெல்லாம் ஊரான் நிலத்துல. இப்ப பாரு, அந்த நிலத்துக்காரன் மூக்குக்குள்ளயும் எங்கப்பா கொழுதான் நிக்குது." நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லாரி உன் ஸ்கூட்டரை இடித்த அன்று எனக்கு டியூட்டி. என் மெஷினில்தான் உன்னைப் படுக்க வைத்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நீ கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதானே படம் எடுத்த? எல்லார் மூக்குலயும் ஒரு கொழு இருக்குதுப்பான்னு எம் பொண்ணு சொல்லிக்கினே இருக்கும். அது மூக்குல அந்தக் கொழு உடையாமத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"அது போதும்மா" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பொய்டி. மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் இன்னொரு தடவை கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? இந்த மாதிரியெல்லாம் வந்தால் உன்னிடம்தானே சொல்வேன்.