இரண்டு மடங்கு வேகத்தில் உலகம் அழிந்த கதை

ஜூன் 3

அன்புள்ள அவசரக்காரருக்கு,

நலம். இந்த ஊர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை குவிந்து கிடக்கிறது. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பதில் சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொன்ன அனிமே தொடரை, அந்த ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்தீர்களா? சூரியன் மங்கிப்போன உலகம். நிலத்தடியில் ஒருவனும் ஒருத்தியும் மட்டும் மிஞ்சி, ஒரு தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே நடக்காது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உலகமே முடிந்துவிட்டதால் அங்கே யாருக்கும் எதற்கும் லேட் ஆவதில்லை. பார்த்துவிட்டு எழுந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ராணி மாதிரி இருக்கிறது எனக்கு.

இன்னொன்று. மாதக் கடைசியோடு என் ஒரு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்க முடியுமா என்று லேப் சீஃப் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் ஆமை

ஜூன் 8

என் ஆமைக்கு,

ஆம்புலன்ஸுக்கு டயர் மாற்றியாகிவிட்டது. முதுகுவலி பரவாயில்லை. டூட்டி அறையில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, உன் தொடரில் ஐந்து எபிசோட் ஒரே மூச்சில் பார்த்தேன். ஒன்றுமே நடக்காது என்றாயே, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடுகிறான். அவள் அணில் மாதிரி படபடக்கிறாள். "அண்ணே, உலகம் அழிஞ்சும் இவங்களுக்கு டென்ஷன் குறையலியே!" என்றான் கூட டூட்டி பார்க்கும் நர்ஸ் தம்பி.

ஒப்பந்தம்: உன் இஷ்டம்.

உன் அவசரக்காரன்

ஜூன் 13

அன்புள்ள அவசரக்காரருக்கு,

அணிலா? அவள் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நான் ஒரு டீயே குடித்துவிடுவேன்! வண்டி ரிப்பேர் வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவீர்களே, அதை மாற்றினீர்களா? போய்ப் பாருங்கள் முதலில்.

உங்கள் 'உன் இஷ்டம்' வந்து சேர்ந்தது. அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். நம் வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு 'எக்கேடாவது கெட்டுப் போ' என்றுதானே அர்த்தம்? கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆமை

ஜூன் 18

என் ஆமைக்கு,

மாற்றவில்லைதான். சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் எபிசோடில் இரண்டு தடவை தூங்கினேன். எருமை மேல் மழை பெய்கிற மாதிரி ஒரு கதை.

ஆனால் அந்த ஐந்தாவது எபிசோட். அவள் கேட்கிறாள்: "நான் மேல போய் வெளிச்சம் இருக்கான்னு பாக்கட்டுமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா?" அவன், "உன் இஷ்டம்" என்கிறான். முன்பு பார்த்தபோது கதவைப் பட்டென்று சாத்தின மாதிரி இருந்தது. இப்போது பார்த்தால் நடுவில் எவ்வளவு நேரம்! படிக்கட்டைப் பார்க்கிறான். அவளுடைய கோப்பையை எடுத்துத் துடைக்கிறான். வாயைத் திறந்து மூடுகிறான். துடைத்த கோப்பையையே மறுபடி துடைக்கிறான். "அட முட்டாப்பயலே, இருன்னு சொல்லேன்டா!" என்று கத்திவிட்டேன். "யாரைண்ணே திட்றீங்க?" என்றான் நர்ஸ் தம்பி.

நானும் அந்த இரண்டு வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் அது தெரியாது, பார். உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதே, குறுக்கே நிற்கக் கூடாதென்று நினைத்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நம் வீடு ஆமை கிளம்பிப் போன பிறகுதான் உருப்படாமல் கிடக்கிறது. வந்துவிடு.

உன் அவசரக்காரன்

ஜூன் 23

அன்புள்ள அவசரக்காரருக்கு,

கையெழுத்துப் போடவில்லை. "நிதானமா யோசிச்சுச் சொல்லும்மா, அவசரமில்ல" என்றார் சீஃப். "சார், நான் அவசரப்படுற ஒரே விஷயம் இதுதான்" என்றேன். சிரித்துவிட்டார். நம் ஊரில் என் பழைய லேபில் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம், பேசிவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாண்டுக்கு ஆம்புலன்ஸோடு வந்து என் மானத்தை வாங்காதீர்கள்.

மிச்ச எபிசோடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டாம். அவள் மேலே போனாளா, அங்கேயே இருந்தாளா என்றும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் ரொம்ப மெதுவாகத்தான் வரும். அதுவரை நீங்கள் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் இஷ்டம்.

உங்கள் ஆமை