இவரைத் தவிர அனைவரும்

செப். 1, திங்கள்

காலையிலேயே வெயில். பத்து மணிக்கு ஃபேர்லேண்ட்ஸில் போன் வகுப்பு எடுத்தேன். பதினோரு பெண்கள், எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். இன்றைய பாடம், போனில் இடம் காலி செய்வது:

- குரூப்பில் வரும் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தவும்.
- குட்மார்னிங் ரோஜாக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கவும். பாவம் பார்க்க வேண்டாம்.
- எழுத்தைப் பெரிதாக்கவும். கண்ணாடி தேடும் நேரம் மிச்சம்.

அம்மாவின் தங்கை, சின்னம்மாவும் இந்த வகுப்பில்தான். நான் சேர்த்துவிட்டது. "போனு நெறஞ்சு போச்சு சாமி, நீயே பாத்து எதையாச்சும் அழிச்சுடு" என்று கையில் கொடுத்தார்.

திறந்ததும் தம்பி மோகனின் ஸ்டேட்டஸ். பட்டு வேட்டி. பக்கத்தில் ஒரு பெண். தட்டில் உப்பும் சர்க்கரையும். நேற்று திருச்செங்கோட்டில் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் முடித்திருக்கிறார்கள். 14ஆம் தேதி கல்யாணம்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். அவன் ஸ்டேட்டஸ் ஒன்றுமே இல்லை. சின்னம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அட கெரகத்த" என்றார்.

ஸ்டேட்டஸ் செட்டிங்கில் ‘என் தொடர்புகள், இவரைத் தவிர.’ போன தீபாவளிக்கு, முதலாளி கண்ணில் படாமல் ஏற்காட்டுப் படம் போட வேண்டும் என்றான். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மாணவன்.

மதியம் சாப்பிடவில்லை. இல்லை, தயிர்சாதம் சாப்பிட்டேன்.

செப். 2, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

அஸ்தம்பட்டியில் சின்னம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். காரணம் இணைச்சீர். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்கிற சீர். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். மோகனுக்கு அக்கா தங்கை என்று இருப்பது நான் ஒருத்தி. ஆனால் புருஷனை விட்டு வந்தவள் கை வைக்கக் கூடாதாம். பெரியப்பா மகள் கவிதா செய்கிறாளாம்.

"உங்கொம்மா அழுவுறா சாமி. சொல்லிப்போட்டா நீ வந்து நிப்பீன்னு பயம்."

நிற்பேன்தான். அதிலென்ன தப்பு? இன்னும் நாலு வருடம் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு கிடந்திருந்தால் நானும் மங்கலமானவள். பட்டுக் கட்டி மேடையில் நிறுத்தியிருப்பார்கள்.

காஸ் புக் செய்ய வேண்டும்.

செப். 4, வியாழன்

வகுப்பு. பாதுகாப்புப் பாடம்:

- இரண்டடுக்குப் பூட்டு போடவும். ஆறு இலக்கம். பேரன் பிறந்த நாள் வேண்டாம், ஊருக்கே தெரியும்.
- கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடவே கூடாது. திருட்டு வேலை.

அப்படி ஒன்று எனக்கே வந்திருந்தது. அதைக் காட்டித்தான் விளக்கினேன். இந்த மாதம் எனக்கு வந்த பத்திரிகை அது ஒன்றுதான்.

பிறகு ஸ்டேட்டஸை யாரிடமிருந்து எப்படி மறைப்பது. பாடத்திட்டத்தில் இருக்கிறது, தாண்ட முடியாது. முன் வரிசை அம்மா ஒருவர்: "ஏனுங் டீச்சர், நம்மள ஒருத்தரு மறைச்சு வெச்சிருந்தா நமக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்ப நல்லதாப் போச்சுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். சின்னம்மா மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செப். 8, திங்கள்

அம்மா பேசினாள். ஒருவழியாக.

"மோகனுக்குக் கூடி வந்திருச்சு கண்ணு. ஞாயித்துக்கெழம கல்யாணம். எல்லாம் அவசரத்துல. கூட்டத்துல உனக்கு எதுக்கு அலைச்சலு? லைவு போடறானாமா, நீ ஊட்டுல உக்காந்தே பாத்துக்கோ."

ஏழெட்டு நாளாக ஒத்திகை பார்த்திருப்பாள் போல. தடங்கலே இல்லை. கடைசியில்தான் வந்தது: "அந்த லைவு எப்படிப் போடறதுன்னு அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு சாமி. துபாய்ல உங்க மாமன் பாக்கோணுமாமா."

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. என் கை ஆகாது, என் கைவேலை ஆகும்.

செப். 10, புதன்

மோகன் கூப்பிட்டான். நேராகக் கேட்டேன், என்னிடமிருந்து ஏன் மறைத்தாய் என்று.

"நான் என்னுங்க்கா பண்ணட்டும்? முப்பத்தாறு வயசாச்சு. எத்தன எடம் தட்டிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். பொண்ணு ஊட்ல ஒரு பேச்சு வந்து, இதும் போச்சுன்னா அவ்ளோதானுங்க்கா."

பொய் இல்லை. பெண் கிடைக்காமல் அவன் பட்டது எனக்குத் தெரியும். அதனாலேயே திட்டவும் முடியவில்லை. அது இன்னும் கசப்பு.

எழுதி அனுப்பினேன்:

- உன் போன் வேண்டாம். வேறு ஒருவர் போனை ஸ்டாண்டில் மாட்டு, படுக்கை வசத்தில்.
- அந்த போனுக்குக் கால் வராதபடி செய். இல்லையென்றால் லைவ் அறுந்துவிடும்.
- சார்ஜர் செருகியே இருக்கட்டும்.
- மைக்கில் குறுக்குக் கோடு இருந்தால் சத்தம் போகாது. ஆரம்பிக்கும் முன் பார்.

பதிலுக்குக் கும்பிடும் கை. ஒன்றல்ல, மூன்று.

செப். 13, சனி

அவன் கல்யாணத்துக்கென்று இரண்டு வருடமாக எடுத்து வைத்திருந்த பட்டு. ரவிக்கை இறுக்கம். பிரித்துத் தைத்தேன். பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். "திருச்செங்கோடு, திருச்செங்கோடு, ஏறுங்க்கா, உக்காந்துட்டே போலாம்" என்று கண்டக்டர். அவர் ஒருத்தர்தான் கூப்பிட்டார்.

மூன்று பஸ் போனது. இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எனக்கே என்மேல் ஆத்திரம்.

செப். 14, ஞாயிறு

விடியக்காலை 5.10. மோகன். "அக்கா, லிங்க் ஓப்பன் ஆக மாட்டேங்குது." பின்னால் நாதஸ்வரம். பொறுமையாகச் சொன்னேன். வந்துவிட்டது. வாங்க என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று ஒரு நொடி காத்திருந்தேன். வைத்துவிட்டான்.

5.40. வகுப்பு டேப்லெட்டில் லைவ். 61 பேர் பார்க்கிறார்கள். கவிதா பட்டில், தலை நிறையப் பூ. அம்மா சிரிக்கிறாள். சத்தம் மட்டும் இல்லை. மைக்கை அமுக்கிவிட்டிருக்கிறார்கள்.

கீழே வரிசையாக எழுதுகிறார்கள்: ஆடியோ இல்லை. மாமாவும் துபாயிலிருந்து: மாப்ள, ஒண்ணும் கேக்கல.

5.52. மோகன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

5.53. மறுபடியும்.

5.54. அம்மா எண்ணிலிருந்து.

5.56. இணைச்சீர். கூறைச் சேலையின் முனை அவன் இடது கையில். வலது கையில் போன், காதில். டேப்லெட்டில் அவன் உதடு அசைவது தெரிகிறது. அக்கா, எடுங்க்கா. என் போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. சடங்கு செய்யும் அருமைக்காரர் ஏதோ அதட்டி அவன் போனை வாங்கி வைத்தார். அதிர்வு நின்றது. கவிதா மறுமுனையைப் பிடித்தாள்.