நூல் கோர்க்கும் இடம்

அன்புள்ள கேப்டனுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். உங்கள் கடிதமும், புதிய வெளியீட்டின் மாதிரிப் பெட்டியும், நான் கையெழுத்திட வேண்டிய தாளும் வந்து பதினொரு நாள் ஆகிறது. தாமதத்துக்கு வருந்துகிறேன். இந்தப் பதிலை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் மன்னிப்புக் கேட்டே பக்கம் தீர்ந்துவிட்டது.

நம் ‘கடைசி மணி’ வீடியோ கேம் மறுபடியும் வெளிவருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். நான்கு பாகங்கள் செய்தோம். நான்காவது வந்தபோது எல்லோரும் வேறு சண்டை வீடியோ கேம்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால், குத்துச்சண்டைப் படமா என்று கேட்பார்கள். விளக்கக் கூச்சப்பட்டு ஆமாம் என்றுவிடுவேன். இப்போது தலை நரைத்த சிலர் அந்தத் துறைமுக மேடையையும் அதன் இசையையும் நினைத்து ஏங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் ஏங்குகிறவன்தான். யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் உங்கள் பேட்டியைப் படித்தேன். துறைமுக மேடையின் இசை, குளித்துக்கொண்டிருந்தபோது உங்களுக்குத் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எழுத எனக்கு நாற்பத்து மூன்று நாட்கள் ஆயின. பழைய குறிப்பேட்டில் தேதிகள் இருக்கின்றன. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “நாப்பத்து மூணு நாளும் அவரு குளிச்சுக்கிட்டேவா இருந்தாரு?” என்றாள். ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் நினைவிருக்கிறதோ என்னவோ. எதையும் அடித்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

நான்கு பாகங்களின் இசையும் முழுக்க உங்களுடையது, நான் நீங்கள் சொன்னதைக் கருவியில் ஏற்றியவன் மட்டுமே என்கிறது தாள். பேனாவைத் திறந்துகூட வைத்தேன். நீங்கள் நீட்டிய எந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கிறேன்? ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்களிலிருந்து என் பெயரை எடுத்தபோது, இடம் போதவில்லை என்றீர்கள். சரி என்றேன். “பென்சில் ஒண்ணும் சொல்லமாட்டான்” என்று அடுத்த அறையில் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது எனக்குக் கேட்டது. நடுவே இருந்தது வெறும் ஒட்டுப்பலகைத் தடுப்புதான், கேப்டன்.

எதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது முறை என்று, பெட்டியிலிருந்த சி.டி.யைப் போட்டுக் கேட்டேன். பெரிய வாத்தியக் குழு, நல்ல வாசிப்பு. ஆனால் மூன்றாவது குரல் இல்லை.

உங்களுக்கு மறந்திருக்கலாம். நம் ஆட்டம் ஓடிய கருவி ஒரே நேரத்தில் மூன்று ஒலிகளைத்தான் எழுப்பும். தாளத்துக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று. குத்தோ உதையோ விழுந்தால் அந்தச் சத்தத்துக்கு மூன்றாவது ஒலி விட்டுக்கொடுக்க வேண்டும். “அடி கேக்கணும் பென்சில், பாட்டை யாரு கேக்கப்போறா?” என்றீர்கள். அதனால் மூன்றாவது குரலை, அறுபட்டாலும் யாரும் தேடாதபடி எழுதினேன். ஆடுகிற இருவரும் அடிக்காமல் நின்றால்தான் அது முழுதாகக் கேட்கும். சண்டை ஆட்டத்தில் யார் சும்மா நிற்பார்கள்? புதிதாக வாசித்தவர்கள், யாரோ விளையாடியபோது பதிவானதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. துண்டு துண்டாக வந்ததைக் கோளாறு என்று விட்டிருப்பார்கள். இசை உங்களுடையதாக இருந்திருந்தால், அவர்களை நிறுத்திச் சொல்லியிருப்பீர்கள்.

ஞாயிறு காலை பழைய கருவியைப் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் மாட்டி, மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். திரையில் நம் ஆட்டத்தின் கிழட்டு மாலுமியும் சலவைக்காரியும் ஒருவரையொருவர் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கடிகாரம் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கியது. மூன்றாவது குரல் வந்தது.

என் மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடத்தான் மூன்று முறை பார்த்தேன். அந்த இசையை எழுதிய நாட்களில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். பிறர் தைக்கக் கொடுத்த சட்டைகளுக்கு அவள் பொத்தான் வைத்தபடி, தன்னையறியாமல் ஏதோ முணுமுணுப்பாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் நிறுத்துவாள். நான் அதை அப்படியே மூன்றாவது குரலுக்கு எடுத்துக்கொண்டேன், அந்த நிறுத்தத்தையும் சேர்த்து. முப்பது ஆண்டுகளாக அவளிடம் சொல்லவில்லை.

“நடுவுல நிக்குதே, அது நான் நூல் கோக்குற எடம்” என்றாள். பிறகு, திரையைப் பார்த்தபடியே, “கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?” என்றாள்.

நேரம் முடிந்தது. இருவருக்கும் தோல்வி என்று திரை காட்டியது. அடிக்காமல் நின்றால் இருவரும் தோற்க வேண்டும் என்ற விதி உங்களுடையது. அதில் சந்தேகமே இல்லை. அதற்கு வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்றிலிருந்து அவள் வேலை செய்யும்போது முணுமுணுப்பதில்லை. தொடங்குகிறாள். நான் பக்கத்தில் இருப்பது நினைவு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறாள். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கேட்காமல் எடுத்தவர்கள் வரிசையில் நாம் இருவருமே நிற்கிறோம், ஆகவே உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. தாளமும் மெட்டும் என்னுடையவை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மூன்றாவது குரலைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அதன் இசைக்குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்பில் அவள் பெயர் இருக்கிறது. அவளைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். “இப்பயாவது கேக்கத் தோணுச்சே” என்றாள்.

பெட்டி கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சேர்த்துவிடுங்கள். அவள் காதால் கேட்க வேண்டும். என் பெயர் வேண்டியதில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரையும் அடிக்க வேண்டியிராத தொண்ணூற்றொன்பது வினாடிகள் உங்களுக்கும் வாய்க்கட்டும். வாய்த்தால், அப்போதாவது கொஞ்சம் காதுகொடுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள்
பென்சில்